பயர் ஸ்டேஷன் பிளானை மாற்றலாம்... பில்லையும் ஏன் மாற்றணும்?

"புதிய தீயணைப்பு நிலையங்கள் கட்டுவது சம்பந்தமாக ஆர்க்கிடெக்டுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் திருத்தி அமைக்கப்படுகிறது. கூடுதல் கட்டணம் வழங்க அனுமதிக்கப்படுகிறது."

இரண்டே வரி! கட்டட வேலை எடுக்கிற எந்த நகரசபைக்கும், எந்த அரசாங்க இலாகாவுக்கும் பழகிப்போன வரி. பேப்பரில் வந்தாலும் ஒரு மூலையில்தான் வரும்.

டீக்கடையில் அதைப் படிக்கிறவர் ஒருத்தர், "அடிச்சிட்டானுங்கய்யா!" என்பார். பக்கத்தில் நிற்கிறவர், "விடுப்பா, நம்ம பணமா?" என்பார்.

முதல் ஆசாமி சொல்வது சில சமயம் சரி, சில சமயம் தப்பு. இரண்டாவது ஆசாமி சொல்வது எப்போதுமே தப்பு. அது அவர் பணம்தான். அதைவிடப் பெரிய விஷயம், அவர் கடைக்குத் தீப்பிடித்தால் ஓடி வரவேண்டிய வண்டி நிற்கப்போவது அந்தக் கட்டடத்தில்தான்.

ஆகவே, ஆத்திரப்படாமல் அந்த இரண்டு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

மூன்று நிமிஷக் கணக்கு

சென்னைக்காரர்களுக்குத் தீ என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

1975 ஜூலையில் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தது. 1985 மே 30-ம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் அன்றைக்கு ரோட்டுக்கு வந்தார்கள்! 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் கலசமகால் எரிந்தபோது, தீயை அணைக்க உள்ளே போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரோடு வெளியே வரவில்லை. பெண் அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் தீக்காயங்களோடு மீட்கப்பட்டார். 2017 மே 31-ம் தேதி தி.நகர் உஸ்மான் ரோட்டில் பெரிய துணிக்கடை ஒன்று பற்றிக்கொண்டது. ஒரு நாளுக்கு மேலாக எரிந்தது. கட்டடத்தில் ஒரு பகுதி தானாகவே சரிந்தது. மிச்சத்தை ஆள் வைத்து இடித்துத் தள்ளவேண்டியதாயிற்று.

தீ ஆரம்பிக்கும்போது ஒரு வாளித் தண்ணீரில் அடங்கும். பத்து நிமிஷம் போனால் பத்து வண்டி வேண்டும். அதனால்தான், நகரத்தில் ஆபத்து அதிகமுள்ள இடங்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் வண்டி போய்ச் சேரவேண்டும் என்று நாட்டில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்கு ரங்கநாதன் தெருவுக்கு மூன்று நிமிஷத்தில் வண்டி போகுமா? நடந்து போகிற ஆளே போகமுடியாது!

இதற்கு ஒரே வழி, நிலையங்கள் பக்கம் பக்கமாக இருக்கவேண்டும். 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 155 வார்டு 200 வார்டு ஆயிற்று. ஊர் பெருத்தால் தீயணைப்பு நிலையமும் பெருக வேண்டாமா? மாநிலங்களில் தீயணைப்புத் துறையை விரிவாக்க 2023-ல் மத்திய அரசாங்கம் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. பணம் வந்தால் இடம் பார்ப்பார்கள். பிளான் போடுவார்கள். ஆர்க்கிடெக்ட் வருவார். ஒப்பந்தம் வரும். பின்னாலேயே திருத்தமும் வரும்!

நாலு சுவர், ஒரு ஷட்டர்?

"வண்டி நிறுத்த ஒரு ஷெட்டு, ஆள் படுக்க ஒரு ரூம். இதுக்குப் போய் ஆர்க்கிடெக்டா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மேஸ்திரியைக் கூப்பிட்டால் ஒரு வாரத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார் என்பது அவர்கள் எண்ணம்.

மேஸ்திரி கெட்டிக்காரர்தான். ஆனால் இது வேற சமாசாரம்.

தண்ணீர் வண்டி ஒன்றில் 4,500 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் மட்டுமே நாலரை டன். வண்டி எடை தனி. அது இருபத்து நாலு மணி நேரமும் ஒரே இடத்தில் நிற்கும். சாதாரணத் தளம் போட்டால் ஆறே மாதத்தில் வெடிக்கும். வண்டி வெளியே வரும்போது திரும்ப இடம் வேண்டும். வாசலுக்கு நேரே பஸ் ஸ்டாப் இருந்தால் தீர்ந்தது கதை! கதவு திறக்க முப்பது விநாடி எடுத்தால், அந்த மூன்று நிமிஷத்தில் ஆறில் ஒரு பங்கு கதவிலேயே போச்சு.

நனைந்த கான்வாஸ் குழாயைச் சுருட்டி மூலையில் போட்டால் மக்கிப்போகும். தொங்கவிட்டுக் காயவைக்கவேண்டும். 15 மீட்டர் குழாயை மடித்துப் போட்டாலும் இரண்டு மாடி உயரம் வேண்டும். தீயணைப்பு நிலையங்களில் ஒல்லியாக ஒரு கோபுரம் நிற்கிறதே, அது அழகுக்கு இல்லை. குழாய் காயவைக்கத்தான்! மாடியில் படுத்திருக்கிறவர் மணி அடித்ததும் கீழே வர வேண்டும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் 1878-லேயே அதற்கு ஒரு கம்பம் கண்டுபிடித்தார்கள். அதைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு இறங்குவார்கள். மாடிப்படியில் இறங்கினால் ஆகிற நேரம் மிச்சம்!

கம்பம் எங்கே, படி எங்கே, தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி எங்கே, பயிற்சி மைதானம் எங்கே, டெலிபோன் எடுக்கிற ஆள் வாசலைப் பார்த்து உட்காருகிறாரா, சுவரைப் பார்த்து உட்காருகிறாரா... இத்தனையும் யோசிக்கத்தான் படித்த ஆள் வேண்டியிருக்கிறது. அவருக்குக் கட்டணம் கொடுக்கவேண்டியதுதான். அதில் கஞ்சத்தனம் பண்ணினால் பழைய பள்ளிக்கூடத்துப் பிளானில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்!

திருத்தம் என்றாலே திருட்டா?

இல்லை.

ஒப்பந்தம் போட்ட இருவரும் சம்மதித்தால் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தபிறகு தேதி மாறுவதில்லையா? அந்த மாதிரிதான்.

தீயணைப்பு நிலையம் விஷயத்தில் மாற்றித்தான் தீரவேண்டும் என்கிற நியாயமான காரணங்களும் உண்டு.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2022-ல் ஒரு முடிவை வெளியிட்டது. தீயணைப்பு வீரர் வேலை பார்ப்பதே புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று முதல் பிரிவில் அதைச் சேர்த்துவிட்டார்கள். டீசல் புகையை 2012-லேயே அதே பிரிவில் சேர்த்தாயிற்று. விஷயம் என்னவென்றால், தீயை அணைத்துவிட்டுத் திரும்பி வருகிறவரின் உடுப்பில் பிளாஸ்டிக்கும் பெயிண்டும் எரிந்த விஷக்கரி ஒட்டியிருக்கிறது. அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கினால்? வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் புகை நேரே படுக்கை அறைக்குப் போனால்?

பழைய பிளான்களில் இதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. இப்போது அழுக்கு உடுப்புக்குத் தனி அறை, அதைத் துவைக்கத் தனி இடம், குளித்துவிட்டு உள்ளே போகிற மாதிரி வழி, புகை வெளியேற ஏற்பாடு எல்லாம் வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தத்தில் இது இல்லை என்றால் சேர்க்கத்தான் வேண்டும். அதற்குக் கூடுதல் பணம் கொடுத்தால் யாரும் வயிறு எரியவேண்டியதில்லை. ஊருக்காக நெருப்பில் குதிக்கிறவருக்கு ஒரு குளியல் அறை கட்ட மூக்கால் அழுகிற ஊர் உருப்படுமா?

பெண்கள் இந்த வேலைக்கு வந்துவிட்டார்கள். எழிலகத் தீயில் உள்ளே போன அதிகாரியே பெண்தான். அவர்களுக்கு உடை மாற்றும் அறை, கழிப்பறை இல்லாத பிளானைத் திருத்தாமல் என்ன செய்வது?

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். துறையின் பெயரே 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்'. வெள்ளம் வந்தால் படகோடு புறப்படவேண்டியவர்களும் இவர்கள்தான். அவர்கள் நிலையத்துக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர் நின்றால் யாரை யார் மீட்பது? தரைமட்டத்தை இரண்டடி உயர்த்துகிறோம் என்று திருத்தம் வந்தால், அது புத்திசாலித்தனமான திருத்தம்.

மாடிக் கட்டடங்கள் உயர உயர, ஏணி வண்டியும் நீண்டுகொண்டே போகிறது. ஐம்பது மீட்டருக்கு மேல் எட்டுகிற வண்டிகள் வந்துவிட்டன. பழைய வாசல் அளவுக்கு அது நுழையாது. கோடிக்கணக்கில் வண்டியை வாங்கிவிட்டு வெயிலில் நிறுத்துவதா? வாசலைத்தான் பெரிசாக்கவேண்டும்.

வயிறு எரிகிற இடம்

ஆனால் எல்லாத் திருத்தமும் இந்த ஜாதி இல்லை!

ஆர்க்கிடெக்டுக்குக் கட்டணம் பெரும்பாலும் கட்டடச் செலவில் நூற்றுக்கு இத்தனை என்று பேசுவது வழக்கம். வசதியான கணக்கு. யாருக்கு வசதி என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலையத்துக்கு மதிப்பீடு 5 கோடி ரூபாய், கட்டணம் நூற்றுக்கு 4 என்று வைத்துக்கொண்டால், ஆர்க்கிடெக்டுக்கு 20 லட்சம். வேலை இழுத்துக்கொண்டே போகிறது. கம்பி விலை ஏறுகிறது. சிமெண்ட் விலை ஏறுகிறது. கட்டடம் 7 கோடியில் வந்து நிற்கிறது. இப்போது கட்டணம் 28 லட்சம்!

அந்த எட்டு லட்சத்துக்கு அவர் புதிதாக என்ன வரைந்தார்? ஒரு கோடுகூடப் போடவில்லை. கம்பி விலை ஏறியதற்கு அவருக்குப் பரிசு! மளிகைக் கடையில் பருப்பு விலை ஏறினால் பொட்டலம் கட்டுகிற பையனுக்குச் சம்பளம் தானாக ஏறுமா? எந்தக் கடைக்காரராவது கொடுப்பாரா?

இதனால்தான் இப்படிப்பட்ட ஆலோசகர் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கவேண்டும் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. செலவு எங்கே போனாலும் கட்டணம் இந்த வரம்பைத் தாண்டாது என்று முதல் நாளே எழுதிவிட்டால் பாதித் தலைவலி தீரும்.

அடுத்தது மண். கட்டடம் கட்டுகிறவர் முதலில் பார்ப்பது மண்ணை. வேளச்சேரிப் பக்கம் சதுப்பு நிலம், பரங்கிமலைப் பக்கம் பாறை. இது ஆட்டோக்காரருக்கே தெரியும்! அப்படியிருந்தும் மண் பரிசோதனை இல்லாமலே பிளானைப் போட்டுவிட்டு, தோண்டினபிறகு "அஸ்திவாரத்தை மாற்றணும், வரைபடத்தை மாற்றணும், கட்டணத்தை உயர்த்தணும்" என்று பைல் கிளம்பினால் அது யார் தப்பு? அவசரப்பட்டு வரையச் சொன்ன அதிகாரி தப்பு. மண்ணைப் பார்க்காமல் வரைந்த ஆர்க்கிடெக்ட் தப்பு. பணம் கட்டுகிறவர் மட்டும் மூன்றாவது ஆசாமி!

இடமும் அப்படித்தான். பட்டா யார் பெயரில் இருக்கிறது, கோர்ட்டில் வழக்கு இருக்கிறதா, ரோடு அகலப்படுத்தப் போகிறார்களா என்று பார்க்காமல் ஓர் இடத்துக்குப் பிளான் போட்டால், பிறகு இடம் மாறும்போது மறுபடியும் முதலிலிருந்து வரையவேண்டும். மறுபடியும் பில்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பத்து நிலையத்துக்கு ஒரே மாதிரிப் பிளான் என்றால், ஒருமுறை வரைந்ததைத்தான் ஒன்பது முறை திரும்ப உபயோகிக்கிறார்கள். இடத்துக்குத் தகுந்தாற்போல் அஸ்திவாரம், வாசல் திசை இதையெல்லாம் மாற்றவேண்டும், உண்மைதான். மேற்பார்வை பார்க்க ஆள் அனுப்பவேண்டும், அதுவும் உண்மைதான். அதற்காகப் பத்துக்கும் முழுக் கட்டணமா? டெய்லர்கூட ஒரே அளவில் பத்து சட்டை என்றால் கூலியைக் குறைத்துக்கொள்வார். 'மூன்று நிலையம்' என்று போட்ட ஒப்பந்தத்தை 'ஐந்து நிலையம்' என்று திருத்தும்போது, அந்த நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் என்ன ரேட்டு என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஜனங்களும் சரி, கவுன்சிலர்களும் சரி, மொத்தத் தொகையைப் பார்க்கிறார்கள். இதைப் பார்ப்பதில்லை.

சீமையில் நடந்த கூத்து

நம்ம ஊர் மட்டும்தான் இப்படி என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு இங்கிலாந்துக் கதை.

அங்கே தீ என்று போன் பண்ணினால் எடுக்கிற கட்டுப்பாட்டு அறைகள் 46 இருந்தன. 2004-ல் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. 46-ஐயும் மூடிவிட்டு, ஒன்பது பெரிய மையங்கள் கட்டினால் என்ன? கட்டினார்கள். கட்டடங்கள் ஜம்மென்று எழுந்துவிட்டன. உள்ளே வைக்கவேண்டிய கம்ப்யூட்டர் ஏற்பாடு மட்டும் தயாராகவில்லை! கெடு தள்ளிப்போயிற்று. செலவு ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் 2010 டிசம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

நஷ்டம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 46 கோடியே 90 லட்சம் பவுண்டு! அந்த நாட்டுத் தணிக்கைத் துறையே 2011-ல் சொன்ன கணக்கு. ஆள் இல்லாத கட்டடங்களுக்கு வாடகை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று விசாரித்தார்கள். முக்கியமான காரணம் ஒன்று சாதாரணமானது. அந்த அறைகளில் வேலை பார்க்கவேண்டிய உள்ளூர்த் தீயணைப்புத் துறையினரின் சம்மதமும் ஒத்துழைப்பும் இல்லாமலே மேலேயிருந்து திட்டத்தைத் திணித்தார்கள் என்பதுதான்.

கட்டடம் பேர்போனதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஐரோப்பாவிலேயே அடையாளம் உண்டு. ஆர்க்கிடெக்டுகள் போய்ப் பார்க்கிற தீயணைப்பு நிலையம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்காக 1993-ல் கட்டியது. வரைந்தவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சஹா ஹதித் என்ற அம்மையார். கத்திமாதிரிக் கூர்மையான கான்கிரீட்! பிறகு தொழிற்சாலையின் தீயணைப்புப் பொறுப்பை ஊர்த் தீயணைப்புத் துறையே எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே தீயணைப்பு வண்டி கிடையாது. கண்காட்சிதான் நடக்கிறது.

கேட்கவேண்டிய ஆள்

தமிழ்நாட்டில் போலீஸ், சிறை, தீயணைப்புத் துறைக் கட்டடங்களைக் கட்டிக் கொடுக்க 1981-லிருந்து காவலர் வீட்டு வசதிக் கழகம் இருக்கிறது. ஒரே கையில் பல கட்டடம் போவதில் ஒரு நன்மை உண்டு. எந்த நிலையத்தில் எந்தத் தப்பு வந்தது என்பது ஒரே ஆபீசுக்குத் தெரியவரும். அடுத்ததில் திருத்திக்கொள்ளலாம். தெரிந்துகொள்ள மனசு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எந்தக் கழகமாக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், முதல் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால் பின்னால் வருகிற திருத்தங்களில் பாதி வராது.

அந்த ஆள் இருபது வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர். "அய்யா, வாசல்ல இந்தத் தூணு வேணாம், ரிவர்ஸ் எடுக்கறப்ப இடிக்கும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு ஆலோசனைக் கட்டணம் கிடையாது! ராத்திரி டூட்டி பார்க்கிற லீடிங் பயர்மேனைக் கேட்டால், கட்டில் எங்கே போடணும், பூட்ஸ் எங்கே வைக்கணும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஸ்டேஷன் அதிகாரியிடம் பிளானைக் காட்டி, "இது சரி" என்று கையெழுத்து வாங்கட்டும். பிறகு அதே விஷயத்தை மாற்றவேண்டும் என்று பைல் வந்தால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம்.

ஆனால் நடப்பது என்ன? பிளான் மேலே போகிறது, மேலேயே கையெழுத்தாகிறது, கட்டடம் தலையெடுத்த பிறகு கீழே இருக்கிறவருக்குச் சாவியைக் கொடுக்கிறார்கள். அவர் வண்டியை உள்ளே விடும்போதுதான் கண்ணாடி சுவரில் உரசுகிறது!

பின்வாசல் திறந்திருக்கு

தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது. டெண்டரை விளம்பரம் பண்ணவேண்டும். நாலு பேர் முன்னால் உறையைப் பிரிக்கவேண்டும். யார் எவ்வளவு கேட்டார்கள் என்று தெரியவேண்டும். நல்ல சட்டம்.

முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பின்வாசல்?

குறைந்த தொகை கேட்டு ஒருவர் வேலையைப் பிடிக்கிறார். மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து 'திருத்தம்' வருகிறது. ஒரு வருஷம் கழித்து 'இரண்டாவது திருத்தம்'. கூட்டிப் பார்த்தால், அன்றைக்கு அதிகம் கேட்டுத் தோற்றுப்போனவரின் தொகையைத் தாண்டியிருக்கும்! அந்தத் திருத்தத்துக்கு விளம்பரம் கிடையாது. உறை கிடையாது. வேடிக்கை பார்க்க நாலு பேர் கிடையாது.

ஆகவே திருத்தத்தையும் அதே வெளிச்சத்தில் வைக்கவேண்டும். முதல் தொகை என்ன, இப்போது என்ன, எதற்காக, யார் கேட்டார்கள், முன்னாலேயே ஏன் தெரியவில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி, கட்டுகிற இடத்தில் போர்டில் ஒட்டினால் போதும். வெட்கப்பட ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதில் என்ன கஷ்டம்?

பேனா எடுக்காத அதிகாரி

இதற்கு நேர்மாறான வியாதியும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது.

திருத்தம் என்றாலே திருட்டு என்று ஊர் கத்துவதால், சில அதிகாரிகள் கையெழுத்தே போடமாட்டார்கள். "ஆடிட்டில் மாட்டிக்குவேன்" என்று பைலை மேலே தள்ளுவார். மேலே இருக்கிறவர் 'விளக்கம் தேவை' என்று கீழே தள்ளுவார். மழைநீர் வடிகால் இருபதடி நீளம் கூடுதலாக வேண்டும் என்ற நியாயமான திருத்தம் ஒன்றரை வருஷம் ஊர்வலம் போகும். அதற்குள் பாதிக் கட்டிய சுவரில் பாசி பிடிக்கும். கம்பி துருப்பிடிக்கும். கான்ட்ராக்டர் ஆளைக் கூட்டிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது புது ரேட்டுக் கேட்பார்.

அந்த ஒன்றரை வருஷமும் அந்தப் பேட்டைக்குத் தீயணைப்பு வண்டி எங்கேயிருந்து வரும்? பழையபடி தூரத்து நிலையத்திலிருந்துதான். மூன்று நிமிஷம் பதினைந்து நிமிஷமாகவே இருக்கும். குடிசை எரிகிறவனுக்கு ஆடிட் ஆட்சேபணை என்றால் என்னவென்று புரியுமா?

அதனால் திருத்தப் பைலுக்கும் ஒரு கெடு வேண்டும். முப்பது நாளில் சரி என்று சொல்லணும், இல்லை என்றால் காரணத்தோடு திருப்பணும். வீரர்களின் உயிர், வண்டியின் ஓட்டம், வெள்ளம், இவை சம்பந்தப்பட்டதாக இருந்தால் முதலில் எடுக்கட்டும். வாசலில் பளிங்குக் கல் பதிக்கிற திருத்தம் கடைசியில் நிற்கட்டும். அது வராவிட்டாலும் யாரும் சாகப்போவதில்லை.

பத்து ரூபாய்

பேட்டையில் புது நிலையத்துக்கு அஸ்திவாரம் தோண்டி, வேலை நின்றுபோயிருந்தால் சும்மா பார்த்துக்கொண்டு போகவேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, சம்பந்தப்பட்ட ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் முப்பது நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

கேட்கவேண்டியது நாலே விஷயம். ஆர்க்கிடெக்டுக்கு முதலில் பேசிய கட்டணம் எவ்வளவு? இதுவரை எத்தனை திருத்தம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? மண் பரிசோதனை எந்தத் தேதியில் நடந்தது, வரைபடம் எந்தத் தேதியில் வந்தது? வரைபடத்தில் ஸ்டேஷன் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு வருகிற இரண்டு தேதிகளில் எது முந்தியது என்று மட்டும் பார்த்தால் போதும். மண்ணுக்கு முன்னால் வரைபடம் வந்திருந்தால், அந்தக் கூடுதல் பில்லை யார் கட்டவேண்டும் என்பது பத்தாங்கிளாஸ் படிக்கிற பையனுக்கே தெரிந்துவிடும்.